முங்கத் தெரிந்தால் மட்டும் மீன் கிடைத்துவிடுமா?

பறவைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

வண்டியூர் கண்மாய்க் கரையில் இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கும் நீர்க்காகத்தின் படத்தைப் போட்டு, ‘இது ஏன் இப்படி நிற்கிறது?’ என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். ‘ஈரம் காய வைக்கிறது’ என்று சரியாக எழுதியவர்கள் பலர். எழுதியதோடு விடாமல் ஆளுக்கொரு கேள்வியையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். அவற்றில், முங்கி மீன் பிடிக்கும் பறவைகளின் குஞ்சுகள் எப்படித் தொழில் பழகுகின்றன என்பதையொட்டி வந்தவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

‘மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா’ என்பார்கள். நீர்க்காகக் குஞ்சுக்கும் அப்படித்தானா? தாய்ப்பறவை கூடவே இருந்து சொல்லிக்கொடுக்கிறதா?
(ஆசிரியை, மேலூர்)

பழமொழி பாதிதான் பொருந்தும். முங்குவதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாத்துக்கு முன்விரல் மூன்றைத்தான் சவ்வு இணைக்கும். நீர்க்காகத்துக்கு நான்கு விரலையும் இணைக்கிறது. இரண்டு காலையும் ஒருசேரப் பின்னுக்கு உதைத்து, வாலைச் சுக்கான்போலத் திருப்பிக்கொண்டு போகும். இந்த உடம்பும் அதை ஓட்டும் விதமும் பிறவியிலேயே வந்துவிடுகின்றன. கூட்டை விட்டு இறங்கிய குஞ்சு தண்ணீரைக் கண்டதும் தலையை உள்ளே விட்டுவிடும். மேலே வரும்போது வாயில் மீன் இருக்காது, அவ்வளவுதான்.

ஏன் இருக்காது? முதல் எதிரி மிதப்பு. இறகுக்கு இடையிலும் நுரையீரலிலும் உள்ள காற்று பறவையை மேலே தள்ளுகிறது. 10 மீட்டர் ஆழம் போனால் தண்ணீரின் அழுத்தத்தில் அந்தக் காற்று பாதியாகச் சுருங்கும், உதைப்பது எளிதாகிவிடும். நம் கண்மாயிலோ பல இடத்தில் ஓராள் ஆழம்கூடக் கிடையாது. ஆகவே முங்கிய நொடியிலிருந்து மேலே வரும்வரை மிதப்போடு மல்லுக்கட்டத்தான் வேண்டும். இதற்கு நீர்க்காகத்தின் இறகிலேயே ஒரு வழி இருக்கிறது. இறகின் வெளிப்பகுதி நனையும். உடம்பை ஒட்டிய உள்பகுதி நனையாது. வெளியே நனைவதால் காற்று வெளியேறி மிதப்பு குறைகிறது. உள்ளே காய்ந்தே இருப்பதால் உடம்புச் சூடு போவதில்லை. கரையேறியதும் துணி காயப்போடுவதுபோல் நிற்கிறதே, அது இந்த வசதிக்குக் கொடுக்கும் விலை.

இரண்டாவது சிக்கல் கண். கண்மாயில் முங்கிக் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? எல்லாம் கலங்கித் தெரியும். கண்ணின் முன்திரை காற்றில்தான் ஒளியை வளைக்கும், தண்ணீருக்குள் அந்த வேலை நின்றுபோகிறது. நீர்க்காகம் கண்ணுக்குள் உள்ள தசையால் வில்லையை அழுத்தி, உருண்டையாக்கி, அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. கருவி பிறவியிலேயே உண்டு. ஆனால் கலங்கல் தண்ணீரில் நெளிவது மீனா, பாசியா என்று பிரித்தறிவதும், அது எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊகித்துக் கழுத்தை நீட்டுவதும் பல நூறு தடவை தவறவிட்ட பிறகுதான் கைவரும்.

பிடித்துவிட்டாலும் வேலை முடிந்தபாடில்லை. சற்றே பெரிய மீன் என்றால் நீர்க்காகம் அதை மேலே கொண்டுவந்துதான் விழுங்கும். ஜிலேபியின் முதுகு முள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். தலைப்பக்கமாக உள்ளே போனால் முள் மடங்கிக்கொள்ளும், வால் பக்கமாகப் போனால் தொண்டையில் குத்தி நிற்கும். கெளுத்தி இன்னும் மோசம். முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். தேர்ந்த பறவை மீனை லேசாகத் தூக்கிப்போட்டு, ஒரே சொடுக்கில் தலையைத் தன் பக்கம் திருப்பிவிடும். குஞ்சு செய்வதைப் பாருங்கள். வாலைக் கவ்வியிருக்கும். தூக்கிப்போடும், விழும், குனிந்து எடுக்கும், மறுபடி வால். இதற்குள் பக்கத்தில் மேயும் இன்னொரு நீர்க்காகமோ கொக்கோ ஓடிவந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

தாய் தகப்பன் பங்கு என்ன என்றால், ஊட்டுவதுதான். குஞ்சு தன் தலையைப் பெற்றவரின் தொண்டைக்குள் விட்டு, அரைகுறையாகச் செரித்த மீனை எடுத்துத் தின்னும். சின்ன நீர்க்காகம் என்ற இனத்தின் குஞ்சு ஏறக்குறைய ஒரு மாதத்தில் கூட்டை விட்டு இறங்கும். இறங்கியதும் ஊட்டல் சட்டென்று நின்றுவிடாது. அந்த இடைவெளியில் குஞ்சு தானாக முங்கிப் பார்க்கிறது, தோற்றுத் திரும்பிவந்து கத்துகிறது, சாப்பிடுகிறது. இதைப் பாடம் நடத்துவது என்று சொல்ல முடியாது. தொழில் பழகும்வரை கொடுக்கும் தவணை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கண்மாய்ப் பறவைக்கு அப்படி. நடுக்கடலில் வாழும் பறவைகளின் குஞ்சுகளுக்கு யார் துணை?
(மருந்துக்கடைக்காரர், திருமங்கலம்)

ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு வழக்கம். வட அட்லாண்டிக்கில் அக்கம்பக்கமாகவே குடியிருக்கும் மூன்று பறவைகளைப் பார்த்தாலே போதும்.

கில்லிமாட் என்ற பறவை செங்குத்துப் பாறை விளிம்பில், கூடு என்று எதுவும் கட்டாமல் ஒரே முட்டையை இடும். குஞ்சு பொரித்து 3 வாரத்தில், அந்தி மங்கும் நேரத்தில் கடலில் குதித்துவிடும். அப்போது அதன் எடை சுமார் 250 கிராம், பெற்றவர் எடையில் கால்வாசி. பறக்கும் இறகு முளைத்திருக்காது. கீழே தண்ணீரில் தகப்பன் கூப்பிடும். ஆயிரக்கணக்கான பறவைகள் கத்தும் இடத்தில் குஞ்சும் தகப்பனும் குரலை வைத்தே ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றன. பிறகு இரண்டும் நீந்தியே நடுக்கடலுக்குப் போய்விடும். ஒன்றிரண்டு மாதம் தகப்பன்தான் ஊட்டும். தாய் சில காலம் கரையிலேயே தங்கிவிடும்.

பறக்கக்கூடத் தெரியாத குஞ்சை ஏன் இப்படிக் கடலில் இறக்க வேண்டும்? கில்லிமாட்டின் இறக்கை, தண்ணீருக்குள் துடுப்புப் போடுவதற்காகக் குட்டையாக அமைந்தது. உடம்பு கனம். பறப்பது அதற்குப் பெரும் செலவு. அதிலும் ஒரு நடைக்கு ஒரு மீன்தான் கொண்டுவரும். குஞ்சு வளர வளர இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. சோற்றை வீட்டுக்குச் சுமப்பதைவிடப் பிள்ளையைச் சோறு இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போவது லாபம். தகப்பன் முங்கி மீனோடு வருவதைப் பக்கத்தில் மிதந்தபடி பார்க்கும் குஞ்சு, நாளடைவில் தானும் முங்க ஆரம்பிக்கிறது.

அதே பாறையின் மேல்தரையில் வளை தோண்டி வாழும் பஃபின் இதற்கு நேர் எதிர். பெற்றவர்கள் அலகின் குறுக்கே பத்துக் குட்டி மீன்களை வரிசையாகக் கவ்விக்கொண்டு வருவார்கள். குஞ்சு 6 வாரம்போல வளைக்குள்ளேயே உட்கார்ந்து தின்னும். ஒருநாள் இரவு, கடற்காக்கைகள் கண்ணில் படாத இருட்டில், தன்னந்தனியாகக் கடலுக்குப் போய்விடும். வழியனுப்ப ஆளில்லை, அங்கே போய்ச் சேர்ந்தால் வரவேற்கவும் ஆளில்லை. எங்கே மீன் இருக்கும், எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் அன்று இரவிலிருந்து அதன் சொந்தப் பாடு.

மூன்றாவது கேனட். 3 கிலோ எடையுள்ள பெரிய வெள்ளைப் பறவை. உயரத்திலிருந்து ஈட்டிபோலக் கடலில் பாயும். இதன் குஞ்சை ஏறக்குறைய 90 நாள் கொழுக்க ஊட்டுவார்கள். பெற்றவரைவிடக் கனத்து, 4 கிலோ வரை போகும். அந்தக் கனத்தோடு பாறையிலிருந்து சறுக்கிக் கடலில் இறங்கினால் அதனால் திரும்ப எழும்ப முடியாது. ஒரு வாரம், சிலசமயம் இரண்டு வாரம், உடம்பில் உள்ள கொழுப்பைக் கரைத்தபடி மிதக்கும். எடை இறங்கிய பிறகுதான் எழும்பிப் பறந்து, பாய்ந்து பழக முடியும். கொழுப்பு தீர்வதற்குள் மீன் பிடிக்கத் தெரிந்தாக வேண்டும். தாய் தகப்பன் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அந்தக் கொழுப்புதான். அதற்கு மேல் ஒரு வாய் கிடைக்காது.

கில்லிமாட் தகப்பனைப் படிக்கும்போது நெகிழ்ச்சியாகவும், பஃபினைப் படிக்கும்போது கோபமாகவும் வரும். பெற்றவர் பாசத்தை இதில் அளக்க வேண்டாம். வளையில் பத்திரமாக உட்காரவைத்து ஊட்ட முடிகிற பறவை குஞ்சைப் பெரிதாக்கி அனுப்புகிறது. முடியாத பறவை கூடவே போகிறது.

கேனட் அவ்வளவு வேகத்தில் பாயும்போது கழுத்து முறியாதா?
(பிளஸ் டூ மாணவர், உசிலம்பட்டி)

முறியாது. தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 85 கிலோமீட்டரை எட்டலாம். கடைசி நொடியில் இறக்கைகளை முற்றாகப் பின்னுக்கு இழுத்து, அலகு முதல் வால் வரை ஒரே நேர்கோடாக்கிவிடும். கழுத்துத் தசை இறுகி எலும்பை வளையவிடாமல் பிடித்துக்கொள்ளும். முகத்திலும் மார்பிலும் தோலுக்கடியில் காற்றுப்பைகள் உண்டு, அவை மெத்தையாக அடி வாங்கும். வெளியே மூக்குத்துளையே கிடையாது, அதனால் தண்ணீர் உள்ளே பீய்ச்சாது. பழகாத குஞ்சுக்குச் சிக்கல் கழுத்தில் வருவதைவிடக் குறியில்தான் வரும். மேலிருந்து பார்த்தால், டம்ளர் தண்ணீரில் போட்ட காசுபோல, மீன் உண்மையில் இருப்பதைவிட மேலே இருப்பதாகத் தெரியும். தெரிகிற இடத்தில் சாய்வாகப் பாய்ந்தால் மீனுக்கு மேலாகப் போய்விடும். எவ்வளவு தள்ளிக் குறிவைப்பது என்பது பழக்கத்தில் வருவது.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கண்மாயில் நீர்க்காகம் ஒன்று குச்சியைத் தண்ணீரில் போட்டு, முங்கி எடுத்து, மறுபடி போட்டுக்கொண்டிருந்தது. கூடு கட்டவா?
(வாசகர், ஒத்தக்கடை)

கூடு கட்டும் பறவை குச்சியை எடுத்ததும் மரத்துக்குப் பறந்துவிடும், திரும்பத் திரும்பத் தண்ணீரில் போட்டு எடுக்காது. நீங்கள் பார்த்தது அநேகமாக இளம் பறவை, அதன் விளையாட்டு. இளம் நீர்க்காகங்கள் இலை, குச்சி, இறகு, சில சமயம் நெகிழித் துண்டு எதையாவது கவ்வி, நழுவவிட்டு, பின்னாலேயே முங்கிப் பிடிக்கும். பிரேசிலில் இருக்கும் நீர்க்காக இனத்திலும் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். குச்சி ஓடாது, முள் குத்தாது, தோற்றால் நஷ்டமில்லை. கவ்வுவதையும் திருப்பிப் பிடிப்பதையும் பழக அதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

இளம் பறவைதானா என்று உறுதிசெய்ய நிறத்தைப் பாருங்கள். சின்ன நீர்க்காகத்தில் இனப்பெருக்கக் காலப் பெரிய பறவை பளபளக்கும் கறுப்பு. இளசு மங்கிய பழுப்பு, அடிப்பாகம் இன்னும் வெளிறியிருக்கும். தொண்டை வெளுப்பை மட்டும் நம்பி முடிவுக்கு வர வேண்டாம். மற்ற மாதங்களில் பெரியவற்றுக்கும் தொண்டை வெளுத்துவிடும்.

எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தில், இளம் பறவைக்கும் பெரிய பறவைக்கும் மீன் பிடிக்கும் திறமையில் உள்ள வித்தியாசத்தை அளக்க விரும்புகிறோம். முடியுமா?
(மாணவிகள், வாடிப்பட்டி)

தாராளமாக முடியும். ஒரு கைக்கடிகாரமும் ஒரு நோட்டும் போதும், பைனாகுலர் இருந்தால் நல்லது. காலை 7 மணிக்குக் கரையில் இருங்கள். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் விழ வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் மினுங்கி நிறமே தெரியாது. 50 மீட்டருக்கு அப்பால் நில்லுங்கள். நெருங்கினால் பறவை மேய்வதை விட்டுவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும், அந்தக் கணக்கு உதவாது.

இருவர் இருவராகப் பிரிந்து, ஒரு ஜோடி ஒரே பறவையை மட்டும் பின்தொடரட்டும். கண் எடுக்காமல் பார்ப்பவர் ‘முங்கிருச்சு’, ‘வந்துருச்சு’ என்று சொல்ல வேண்டும்; மற்றவர் நேரத்தைக் குறிக்க வேண்டும். நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: தண்ணீருக்குள் எத்தனை நொடி, மேலே மூச்சு வாங்க எத்தனை நொடி, மீன் வந்ததா, வந்த மீன் வயிற்றுக்குப் போனதா அல்லது நழுவியதா, பறிபோனதா. ஒரு பறவைக்குக் குறைந்தது 30 முங்கல். பத்துப் பதினைந்தோடு நிறுத்தினால் அன்றைய அதிர்ஷ்டம்தான் தெரியும், திறமை தெரியாது. உதாரணமாக 30 முங்கலில் 6 மீன் வயிற்றுக்குப் போயிருந்தால் 20 சதவீதம்.

தவறு பெரும்பாலும் மூன்றாவது கட்டத்தில் நடக்கும். மிகச் சிறிய மீனைப் பறவை தண்ணீருக்குள்ளேயே விழுங்கிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் எழும். வெளியே வந்ததும் தலையை உயர்த்தி, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், இறங்கினால் மீன்தான். இன்னொன்று, முங்கிய இடத்திலேயே எழும் என்று காத்திருக்காதீர்கள், பத்து இருபது மீட்டர் தள்ளி எழும். கூட்டத்தில் எது உங்கள் பறவை என்று சந்தேகம் வந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். ஊகித்து நிரப்பிய வரியால் மொத்தக் கணக்கும் கெடும். இளசையும் பெரிசையும் ஒரே நாளில், ஒரே கண்மாயில், ஒரே ஆழத்தில் ஒப்பிடுவது முக்கியம். மடைப் பக்கம் மேயும் பெரிசையும் உள்வாயில் மேயும் இளசையும் வைத்துப் பார்த்தால் இடத்தைத்தான் அளந்திருப்பீர்கள்.

வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு, அதாவது கொள்ளுக்குடிப்பட்டிக்கு, போக வசதியிருந்தால் இன்னும் நல்லது. தீபாவளிக்கே பட்டாசு வெடிக்காமல் பறவைகளைக் காக்கும் ஊர் அது. நீங்களும் சத்தம் போடாமல் பாருங்கள்.

இளம் பறவைகள் நிறையச் செத்துப்போவதாகச் சொல்கிறார்களே, மீன் பிடிக்கத் தெரியாததாலா?
(ஓய்வுபெற்ற தபால் ஊழியர், சோழவந்தான்)

பெரும்பாலும் அதனால்தான், ஆனால் சாவு நேராக வருவதில்லை. ஸ்காட்லாந்தின் மே தீவில் ஷாக் என்ற நீர்க்காக இனத்தை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அதே மீனைச் சம்பாதிக்க இளம் பறவைக்குப் பெரியவற்றைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. கோடையில் பரவாயில்லை, பகல் நீளம். திறமைக் குறைவை நேரத்தால் ஈடுகட்டிக்கொள்ளலாம். குளிர்காலத்தில் அங்கே பகல் 7 மணி நேரமாகச் சுருங்கிவிடும். இந்தப் பறவை கண்ணால் பார்த்து வேட்டையாடுவது. தேவைப்படும் நேரம் பகலைவிட நீண்டுவிட்டால், அன்றன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் ஏறும். ஒரு புயல் வந்து இரண்டு நாள் கடல் கலங்கினால் போதும், அந்தக் கடனை அடைக்க முடியாது. இறந்து ஒதுங்கும் பறவையைப் பார்ப்பவர் ‘புயலில் செத்தது’ என்பார். அது ஆறு மாதமாக மெல்ல மெல்லத் தோற்றுக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

மதுரையில் மார்கழி மாதத்திலும் பகல் பதினொன்றரை மணி நேரம் உண்டு, எனவே இந்தத் தொல்லை நம் பறவைகளுக்கு இல்லை. இங்கே பகலுக்குப் பதில் தண்ணீர்தான் சுருங்கும். தென்னிந்தியாவில் சின்ன நீர்க்காகம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கூடு கட்டுகிறது. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகி மீன் குஞ்சு பொரித்திருக்கும் சமயம். இளம் பறவைகள் தண்ணீருக்கு வரும்போது தண்ணீர் இறங்கத் தொடங்கியிருக்கும். மீன் நெருங்கிக் கிடக்கும், பழகாத கைக்கும் ஏதாவது சிக்கும். மாசி, பங்குனி அவற்றுக்கு நல்ல பள்ளிக்கூடம். சித்திரைக்குள் கண்மாய் வறண்டு, அடுத்த நீர்நிலையைத் தேடிப் பறக்க வேண்டிவரும்போதுதான் பரீட்சை. மழை பொய்த்து இரண்டு மாதம் முன்னமே கண்மாய் காய்ந்தால், பாடம் முடியாமலே பரீட்சை வந்துவிடும்.

பென்குயின் குஞ்சு கடலில் இறங்கும் நாளை எது தீர்மானிக்கிறது?
(வாசகி, பழங்காநத்தம்)

இறகு. குஞ்சின் பஞ்சு இறகு குளிர் தாங்கும், தண்ணீர் தாங்காது. அது உதிர்ந்து, ஓடுபோல அடுக்கடுக்காகப் படியும் இறகு முளைத்த பிறகுதான் கடல். அதற்கு முன் காலடியில் பனிக்கட்டி உடைந்தால் நனைந்து விறைத்துச் செத்துவிடும். 2022-ல் அண்டார்டிகாவின் பெல்லிங்ஸ்ஹவுசன் கடல் பகுதியில் பனி முன்கூட்டியே உடைந்து, ஐந்து எம்பரர் பென்குயின் குடியிருப்புகளில் நான்கில் குஞ்சுகள் அநேகமாக மொத்தமாக அழிந்துபோயின. தப்பி வளரும் எம்பரர் குஞ்சுகளும் துணையில்லாமல்தான் கடலுக்குப் போகின்றன. மூச்சடக்கும் திறனும் உடனே வந்துவிடாது. தசைக்குள் ஆக்ஸிஜனைச் சேமிக்கும் மயோகுளோபின் குஞ்சுகளுக்குக் குறைவு, வயதோடுதான் ஏறும். ஜென்டூ என்ற இனம் இதில் ஒரு விதிவிலக்கு. அதன் குஞ்சு கடலுக்குப் போய்ப் பழகிவிட்டுத் திரும்ப வந்து பெற்றவரிடம் வாங்கித் தின்னும். வெளியூரில் வேலைக்குப் போன பையன் சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிற மாதிரி.

தனுஷ்கோடியில் ஒரு பெரிய ஆலாவின் பின்னாலேயே இன்னோர் ஆலா கத்திக்கொண்டு பறந்தது. சண்டையா?
(சுற்றுலா வேன் ஓட்டுநர், மாட்டுத்தாவணி)

கத்தியது மங்கிய சாம்பல் பழுப்பாக, முதுகில் புள்ளியும் திட்டுமாக இருந்ததா? அப்படியென்றால் அது பிள்ளை, முன்னால் பறந்தது தாயோ தகப்பனோ. தனுஷ்கோடியில் மஞ்சள் அலகும் சிலும்பிய கறுப்புக் கொண்டையுமாகத் தெரிவது பெரிய கொண்டை ஆலா. பறக்கத் தெரிந்த பிறகும் சில மாதம் பெற்றவர்கள் அதற்கு மீன் கொடுப்பார்கள். ஆலா ஆழமாக முங்காது, மேலிருந்து விழுந்து ஒரு மீட்டருக்குள் கவ்விக்கொண்டு எழும்பும். வாய்ப்பு ஒரே ஒரு நொடி, அதனால் பழகுவதற்கும் நாளாகிறது. குஞ்சு முதலில் மிதக்கும் பாசியை, குப்பையைக் கொத்தியெடுத்துக் கீழே போட்டுப் பழகும்.

இதே குடும்பத்தில் காஸ்பியன் ஆலா பால்டிக் கடலிலிருந்து ஆப்பிரிக்கா வரை வலசை போகிறது. பெரும்பாலும் தகப்பன்தான் குஞ்சை வழிநடத்திக் கூட்டிப்போகிறது என்றும், அப்போது காட்டிய தங்குமிடங்களையே அந்தப் பிள்ளை பிறகு தனியாகப் போகும்போதும் பயன்படுத்துகிறது என்றும் 2022-ல் ஓர் ஆய்வு வெளியானது. அடுத்தமுறை வேனை நிறுத்தும்போது, கெஞ்சுகிற பறவைக்கு எத்தனை தடவைக்கு ஒருமுறை மீன் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பல நேரம் பெற்றவர் கண்டுகொள்ளாமல் பறக்கும். வேறு வழியில்லாமல் பிள்ளை தானே பாயும்.

கண்மாய் மீன் பாசியை (மீன் பிடிக்கும் உரிமையை) குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். விடுகிற குஞ்சை எல்லாம் நீர்க்காகம் தின்றுவிடுகிறது. நீங்கள் அதற்குப் பாட்டுப் பாடுகிறீர்கள்!
(குத்தகைதாரர், கள்ளிக்குடி)

கோபம் நியாயம்தான். ஆனால் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். விஷம் வைத்தால் மீன் வாங்குபவருக்கும் ஆபத்து. சின்ன நீர்க்காகம் பெரும்பாலும் 2 முதல் 8 சென்டிமீட்டர் நீள மீனைத்தான் பிடிக்கிறது. ஆகவே நுண்குஞ்சை நேராகக் கண்மாயில் விடாதீர்கள். ஓரமாக ஒரு சிறு குட்டையில், மேலே வலை போர்த்தி, 10 சென்டிமீட்டர் தாண்டும்வரை வளர்த்துவிட்டு இறக்குங்கள். பெரிய நீர்க்காகம் என்ற இன்னோர் இனம் இதையும் எடுக்கும் என்றாலும் இழப்பு குறையும். குட்டை வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த நைலான் வலையில் சிக்கிச் சாவது பெரும்பாலும் அனுபவமில்லாத இளசுகள்தான்.

புயல் மழைக்குப் பிறகு களைத்துக் கிடக்கும் கடற்பறவை அல்லது மரத்திலிருந்து விழுந்த நீர்க்காகக் குஞ்சு கிடைத்தால் என்ன செய்வது?
(பலர்)

முதலில் செய்யக்கூடாதது: தண்ணீரில் தூக்கிப் போடாதீர்கள். ‘நீர்ப்பறவைதானே, நீந்திப் போய்விடும்’ என்று நினைத்துச் செய்கிற உதவி கொன்றுவிடும். களைத்த பறவைக்கு இறகைக் கோதிக்கொள்ளத் தெம்பிருக்காது. இறகு முழுக்க நனைந்து, உடம்பு சில்லிட்டுப் போகும்.

தூக்குவதற்கு முன் ஒரு துண்டைத் தலைமேல் போடுங்கள், இருட்டானதும் அடங்கும். கண்ணாடி அணிந்தவர் தூக்குவது நல்லது. நீர்க்காகம், பாம்புத்தாரா, கொக்கு எல்லாம் முகத்தைக் குறிவைத்துக் கொத்தும். பாம்புத்தாராவின் அலகு கத்தி மாதிரி. கொத்துகிறதே என்று அலகை ரப்பர் வளையத்தாலோ டேப்பாலோ கட்டிவிடாதீர்கள். வளர்ந்த நீர்க்காகத்துக்கும் கேனட், பூபி போன்ற கடற்பறவைகளுக்கும் வெளிமூக்கு அடைபட்டிருக்கும், வாய் வழியாகத்தான் மூச்சு. கட்டிய சில நிமிடத்தில் மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

காற்றோட்டத்துக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் செய்தித்தாள், அமைதியான நிழல். பால், சோறு, ரொட்டி எதுவும் வேண்டாம். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தூண்டில் நரம்பு தொண்டைக்குள் போயிருந்தால் இழுக்காதீர்கள், உள்ளே முள் இருக்கும். வெளியே ஒரு சாண் விட்டு நரம்பை வெட்டிவிட்டு, அந்த நீளத்தைப் பார்த்து மருத்துவர் வேலை செய்யட்டும். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் எதையும் தொடாமல் கால்நடைத் துறைக்கும் சேர்த்துத் தகவல் கொடுங்கள், பறவைக் காய்ச்சலாக இருக்கலாம்.

கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு சுறுசுறுப்பாக இருந்தால் அதே மரத்தின் தாழ்ந்த கிளையில் ஏற்றிவிடுங்கள். ஓரளவு வளர்ந்த நீர்க்காகக் குஞ்சு அலகாலும் காலாலும் கவ்விக் கவ்வி மேலே ஏறிவிடும்.

முக்குளிப்பான் தன் குஞ்சுக்கு இறகைத் தின்னக் கொடுக்கிறதாமே? அதோடு குஞ்சை முதுகில் வைத்துக்கொண்டே முங்குமா?
(ஐந்தாம் வகுப்பு மாணவி, அலங்காநல்லூர்)

குஞ்சை முதுகில் ஏற்றிக்கொள்வது உண்மை. இறக்கைக்கு நடுவே வரிவரியான தலை ஒன்று எட்டிப் பார்க்கும், கண்மாய் ஓரத்துச் சம்புக்குள் பொறுமையாகப் பார்த்தால் நீங்களே காணலாம். பயந்து முங்கும்போது சிலசமயம் குஞ்சோடு முங்கும், சிலசமயம் குஞ்சு தக்கைபோல மேலே மிதந்துவிடும். பிறகு தாய் வந்து மறுபடி ஏற்றிக்கொள்ளும். இறகு சமாச்சாரமும் உண்மை. முக்குளிப்பான் குடும்பத்துக்கே இறகு தின்னும் பழக்கம் உண்டு. பெரிய கொண்டை முக்குளிப்பான், பொரித்த சில நாளிலேயே குஞ்சுக்குத் தன் இறகைப் பிடுங்கி ஊட்டும். மீன் முள் குடலைக் குத்தாமல் இறகு அதைச் சுற்றிக்கொள்ளும், பிறகு இரண்டும் சேர்ந்து உருண்டையாக வாய்வழியே வெளியே வந்துவிடும் என்று சொல்கிறார்கள்.